இடது கைக்கு ஓர் இடம்

நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடையை இப்போது தோமஸ் என்பவர் நடத்துகிறார். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். சுடுதளக் கிளப்புகளில் திடீரென்று பலர் சுழல் கார்பைன் கேட்கிறார்களாம். "வாங்கச் சொல்லவா, வேண்டாமென்று சொல்லவா? உனக்குத்தானே அதோடு பழக்கம்," என்றார். ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னதைத்தான், கொஞ்சம் கூட்டி, இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமானைப் பற்றி. ரிவோல்வரை எல்லோரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு சிலிண்டர், அதில் ஆறு அறைகள். பின்னால் சுத்தியல் போல இருக்கும் குதிரையை இழுக்கும்போது ஓர் அறை சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்கும். அதே ரிவோல்வருக்கு நீளமான குழலும், தோளில் வைத்துப் பிடிக்க ஒரு மரச் சோங்கும் பூட்டினால் அதுதான் சுழல் கார்பைன். நான் சொல்வது உலோக உறையில் மருந்தும் குண்டும் சேர்ந்த ரவைகள் வருவதற்கு முந்திய காலத்து மாதிரியின் நகல். ஒவ்வோர் அறையிலும் கறுப்பு வெடிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். மேலே ஈயக்குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்த வேண்டும். அறையின் வாயைக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசையால் மூட வேண்டும். பின்பக்கத்தில், குதிரை அடித்ததும் மருந்துக்குத் தீ கொடுக்கும் ஒரு சின்னச் செப்புக் கேப்பைச் சொருக வேண்டும். இவ்வளவு மினக்கெட்டால் ஆறு வெடி. வெடித்ததும் வெள்ளைப் புகை முகத்துக்கு முன்னால் திரை கட்டும். இலக்கில் பட்டதா என்று பார்க்கப் புகை விலகும்வரை நிற்க வேண்டும். அந்த நிற்பு இருக்கிறதே, அதற்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு.

இன்னொரு விருப்பமும் உண்டு. ரிவோல்வரை நீட்டிய கையில் ஆடாமல் பிடிக்கப் பல வருடம் பழக வேண்டும். கார்பைன் தோளில் சாய்ந்துகொள்ளும். புதியவரும் முதல் நாளே தாளில் ஓட்டையைப் பார்த்து மகிழ்வார். இதன் குறைகள் கதையோடு வரும்.

யாழ்ப்பாணத்தில் கடைசல் வேலை படித்தவன் நான். டென்மார்க்குக்கு அகதியாக வந்து, முகாம், மொழிப் பள்ளி என்று கழிந்து, கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, உலோக வேலை தெரிந்த ஒருவர் தேவை என்று கோல்டிங் போகும் பாதையில் உள்ள சிற்றூர் ஒன்றுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தார் என்னை அனுப்பினார்கள். உள்ளே போன பிறகுதான் அது துவக்குத் திருத்தும் கடை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவி மனோவிடம் சொன்னேன். 

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து துவக்குத் திருத்தப் போறியளோ?" என்றாள்.

"இது மான் சுடுற ஆக்களும், கிளப்பில தாளில சுடுற ஆக்களும் வைச்சிருக்கிறது."

"துவக்கு துவக்குத்தான். எங்கட வீட்டுச் சுவரில இருந்த ஓட்டையளை அம்மா எத்தினை தரம் சுண்ணாம்பு வைச்சு அடைச்சவ எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். ஆனாலும் போனேன். வேறு வேலை இருக்கவில்லை. மனோ ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். அந்த எண்ணெய் மணத்தோடு குசினிக்குள் வரக்கூடாது. ஓய்வு பெறும்வரை கராஜில் உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் போவேன். கடையில் என்ன நடந்தது என்று அவளும் கேட்பதில்லை.

கடையின் உரிமையாளரும் எனக்கு மேலாளருமாக இருந்தவர் இங்கெர். தகப்பனிடம் தொழில் படித்தவர். உயரமான பெண். கண்ணில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் ஒருமையில்தான் அழைப்பார்கள். முதலாளியை அப்படி அழைக்க எனக்கு வாய் வர நெடுநாள் எடுத்தது.

இங்கெரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துவக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது திறந்து, உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மேசையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தாலும் அப்படித்தான். "திறந்து பார்த்தாயா?" என்று கேட்பார். ஒருநாள் அவரே திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். "திறந்து பார்த்தாயா?" என்றார். "நீ இப்போதுதானே பார்த்தாய்," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் பார்த்தது என் கையில் இருந்தபோது," என்றார். அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

அவர் யாரையும் பாராட்டியதும் இல்லை. திருத்திய துவக்கைச் சோதித்துவிட்டு, "போகலாம்," என்பார். கடையை விட்டு வெளியே போகலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக நான் சில வேலைகளை மூன்று தரம் செய்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் ஒருபோதும் குரலை உயர்த்த மாட்டார். முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் முதலில் எழுந்து போய்க் கோப்பி வைப்பார். அடுப்பில் கேத்தில் ஏறினால் யாருக்கோ ஏமாற்றம் காத்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிடும்.

சிலிண்டர் உள்ள துவக்கு எது வந்தாலும் அவருடைய சோதனை ஒரே ஒழுங்கில் நடக்கும். கழற்றிக் கழுவித் துடைப்பது முதல் வேலை. பிறகு குழலுக்குள் ஓர் அளவுக் கம்பியை விட்டு, ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். கம்பி தடையில்லாமல் இறங்க வேண்டும். எங்கேயாவது முட்டினால் அந்த அறையின் மேல் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அடுத்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் உள்ள வெளி. சிலிண்டர் சுழல வேண்டுமென்றால் அங்கே ஒரு மயிரிழை வெளி இருந்தே ஆக வேண்டும். மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி அதை அளப்பார். அளக்கும்போது மூச்சு விடுவது தெரியாது.

கடைசியில் தாள் வரும். கடையின் பின்னால் மண் நிரப்பிய சுரங்கம் போன்ற ஒரு சுடுமிடம் இருந்தது. துவக்கை அங்கே இரும்புப் பிடியில் பூட்டி, சிலிண்டரின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுப்போம். பிறகு தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல துவக்கிலும் அந்த வெளிக்கு நேரே ஒரு கரிக்கோடு விழுந்திருக்கும். நெருப்பும் மருந்துத் தூளும் பக்கவாட்டில் பாய்ந்த தடம். கெட்ட துவக்கு என்றால் தாள் கிழிந்து, ஈயத் துகள் குத்திய ஓட்டைகளும் இருக்கும். ரிவோல்வரில் இது பெரிய பிரச்சினை இல்லை, இரண்டு கையும் பின்னால் இருக்கும். கார்பைனைத் தோளில் வைத்ததும் இடது கை தானாக முன்னுக்குப் போய்க் குழலைப் பிடிக்கப் பார்க்கும். றைபிள் பிடிக்கிற எல்லோருடைய கையும் அப்படித்தான் போகும். அந்தக் கரிக்கோடு விழுகிற இடத்தைத் தாண்டித்தான் கை போக வேண்டும். இந்தத் துவக்கின் முதல் குறை இதுதான்.

பௌல் வந்தது இந்தக் குறைக்கு நேரே.

அவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கிளப்பில் ரிவோல்வர் சுடுவதில் அவரை வெல்ல ஆளில்லை என்பார்கள். பிறகு கையில் நடுக்க நோய் வந்தது. யாரும் சொல்வதற்கு முன்னரே தன்னுடைய துவக்குகளையும் அனுமதியையும் அவரே ஒப்படைத்துவிட்டார். கிளப்பின் இரும்புப் பெட்டியில் ஒரு சுழல் கார்பைன் யாரும் தொடாமல் கிடந்தது. கிளப்பின் மேற்பார்வையில் அதைச் சுட முடியுமா என்று கேட்டிருக்கிறார். கடையில் காட்டிவிட்டு வந்தால் யோசிக்கலாம் என்று நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. சுடுதளப் பொறுப்பாளர் ஊல்லா துவக்கைச் சுமந்துகொண்டு அவரோடு வந்தார்.

இங்கெர் துவக்கைப் பார்க்கவில்லை. பௌலின் கைகளைப் பார்த்தார். மேசையில் வைத்த கை, வைத்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. இங்கெர் எழுந்து போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

"கோப்பி வேண்டாம், இங்கெர்," என்றார் பௌல். "உன் கோப்பிக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

இங்கெர் கேத்திலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்படி அவர் இறக்கி வைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"உனக்கு ஏன் இது?" என்று கேட்டார்.

"வெல்வதற்கு இல்லை. துவக்குகளைக் கொடுத்த நாளில் சனிக்கிழமைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கிளப்புக்குப் போய்ச் சும்மா இருந்து பார்த்தேன். எல்லோரும் என்னிடம் அன்பாகக் கதைத்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. எனக்கு அங்கே செய்ய ஏதாவது வேண்டும். ஆறு வெடி போதும்."

"ஒற்றைக் குழல் றைபிள் ஒன்று வைத்துச் சுடலாமே. பயமில்லாத சாமான்."

"அது எனக்கு அந்நியம். என் காது இந்தச் சிலிண்டர் சுழலுகிற சத்தத்துக்குப் பழகினது."

இங்கெர் கார்பைனைத் திறந்து பார்த்து, என்னிடம் தந்து, நான் திறந்து பார்த்து, பிறகுதான் வெறும் துவக்கைப் பௌலின் தோளுக்குக் கொடுத்தார். சோங்கு தோளில் பதிந்ததும் வலது கை பாதி அடங்கியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் இடது கை நேராகப் போய்க் குழலைப் பிடித்தது.

"கை," என்றார் இங்கெர்.

பௌல் கையைப் பின்னுக்கு எடுத்து, விசையைச் சுற்றி வளைந்த விசைக்காப்பின் கீழே வைத்தார். குழலின் நுனி உடனே கீழே சாய்ந்து ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கை மெல்ல மெல்ல முன்னுக்கு ஊர்ந்து மறுபடி குழலுக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. இங்கெர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போய்த் தாளைத் தொங்கவிட்டு ஒரு வெடி வைத்துக் காட்டினார். துவக்கில் பிழையில்லை. கரிக்கோடு மெல்லியதாகத்தான் இருந்தது. ஆனால் அதன் நடுவில் தாள் பழுப்பாகக் கருகியிருந்தது.

"உன் மணிக்கட்டு இருந்த இடம் இது," என்றார்.

பௌல் தாளை வாங்கிப் பார்த்தார். கையோடு சேர்ந்து தாளும் சரசரத்தது. "அப்படியானால் கையை எங்கே வைப்பது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

இங்கெர் என் பக்கம் திரும்பினார். "நாதன் யோசிக்கட்டும்," என்றார்.

யோசித்தேன். குழலின் பாரத்தை ஒரு கவைத்தடி தாங்கினால் இடது கைக்குச் சுமக்க ஒன்றும் இராது. கிளப்பில் மேசையில் இருந்து சுடலாம். அது சுலபம். ஆனால் வேலையில்லாத கைதான் அலையும். அதற்குப் பின்பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். விசைக்காப்பின் கீழே கவ்விக்கொண்டு நிற்கிற ஒரு மரக் குமிழ் செய்யலாம் என்று பட்டது. துவக்கின் உடம்பில் ஒரு துளை கூடப் போடக்கூடாது என்பது இங்கெரின் சட்டம். ஆகவே பித்தளைக் கவ்வி ஒன்றைக் கடைந்து, அதில் வால்நட் மரத்தில் கோழிமுட்டை அளவு குமிழைப் பூட்டினேன். பௌல் வந்து பிடித்துப் பார்த்தார். குமிழ் விரலுக்குள் துள்ளியது. பிடிபடவேயில்லை.

அன்று வீட்டில் பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைக் கதை வீட்டில் கதைப்பதில்லை. மனோ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

"வயசான ஆளோ?"

"ஓம்."

"பெரிசாச் செய்யுங்கோ. நடுங்கிற கைக்குச் சின்னச் சாமான் பிடிபடாது. உள்ளங்கை முழுக்க நிரம்ப வேணும். நிரம்பினாக் கை கொஞ்சம் அடங்கும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். மனோ அப்போது கொமூன என்கிற நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருந்தாள். காலையில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை. அதனால் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த குமிழை ஒரு மாங்காய் அளவில் செய்தேன். பெருவிரலுக்கு ஒரு தோல் வளையமும் வைத்தேன். கையை எடுக்க நினைத்தால் உடனே எடுக்கலாம், ஆனால் மறதியில் ஊர்ந்து போக முடியாது. பௌல் பிடித்ததும் கை அடங்கியது. முழுதாக இல்லை, ஆனால் அவருடைய முகம் மாறும் அளவுக்கு. பிறகு மரத்தை விரலால் தடவிப் பார்த்து, "அரத்தின் கோடு தெரிகிறது. என் மாணவனாக இருந்தால் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன்," என்றார். திரும்பச் செய்தேன்.

அவரே அன்று இன்னொன்றும் சொன்னார். "எனக்குக் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவர் உன் மனைவி என்று நினைக்கிறேன். உங்கள் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை."

பின்னேரம் மனோவிடம், "பௌலை உமக்குத் தெரியுமாமே?" என்று கேட்டேன்.

"வேலை இடத்துக் கதை வீட்டில கதைக்கக்கூடாது."

"அந்தாளே சொன்னது."

"அவர் சொல்லலாம். நான் சொல்லேலாது," என்றாள்.

இங்கெர் கிளப் நிர்வாகக் குழுவுக்கு முன்னால் நேரே போய் நின்று கதைத்தார். நீளமான பேச்சு ஒன்றும் இல்லை. "இடது கை அந்த மரத்தில் இருக்கும்வரை போகலாம். மரத்தை விட்டு எடுத்தால் ஊல்லா நிறுத்த வேண்டும்." அவர் "போகலாம்" என்றால் அந்த வட்டாரத்தில் யாரும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை. அப்படிப் பௌலுக்குச் சனிக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன. மருந்து குடித்துக் கை நன்றாக அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். ஊல்லா அவருடைய இடது பக்கத்தில் நிற்பார். நானும் அடிக்கடி போனேன்.

அந்த நாட்களில்தான் இந்தத் துவக்கின் மற்றக் குணங்களையும் பழகிக்கொண்டேன். ஒரே குழல்தான், ஆனால் அறைகள் ஆறு. ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு மனம். ஐந்து குண்டு அருகருகே விழும்போது ஆறாவது தனியே போய் நிற்கும். துல்லியம் தேடுகிறவருக்கு இது தலையிடி. வெடித்த கேப்பின் துண்டுகள் உள்ளே விழுந்து சிலிண்டரைச் சிக்க வைக்கும். சிலிண்டர் முகத்துக்குக் கிட்ட இருப்பதால் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது. காதுக்கும் சத்தம் கூட. இரண்டு தடவை நிரப்பிச் சுடுவதற்குள் கரி படிந்து சிலிண்டர் இறுகிவிடும், துடைக்க வேண்டும். பௌல் ஒவ்வொரு குறையையும் மனப்பாடமாக வைத்திருந்தார். தன் வீட்டுக் கிழட்டு நாயின் குழப்படிகளைச் சொல்கிறவர் போல அவற்றைச் சொல்லிச் சிரிப்பார்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பற்றி அறிந்திருந்தோம், பார்த்ததில்லை.

வசந்தத்தின் தொடக்கம், காற்றுள்ள நாள். பௌல் மூன்றாவது வெடியை வைத்தார். சத்தம் ஒன்றாக வரவில்லை. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி வந்தது. புகை வழக்கத்தை விடப் பெரிதாக எழுந்தது. "நிறுத்து!" என்று ஊல்லா கத்தினார். பௌல் அசையவில்லை. துவக்கு இலக்கை நோக்கியபடியே இருந்தது. இனி ஒன்றும் வெடிக்காது என்று தெரியும்வரை யாரும் கிட்டப் போகவில்லை. புகை விலகியபோது குழலைத் தாங்கிய கவைத்தடியின் இடது கொம்பைக் காணவில்லை. வெள்ளை மரச் சிராய் மட்டும் நின்றது. பக்கத்து அறையின் மருந்தும் தீப்பிடித்து, அதன் குண்டு குழலுக்கு வெளியே, குழலை ஒட்டிப் பறந்திருந்தது. குழலைப் பிடித்திருந்தால் இடது கை இருந்திருக்கும் இடம் அதுதான்.

பௌல் தோல் வளையத்திலிருந்து பெருவிரலை எடுத்தார். கையை விரித்து உள்ளங்கையையும் புறங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்கிறது," என்றார்.

தகவல் கேட்டு வந்த இங்கெர் சிலிண்டரைக் கழற்றி நெடுநேரம் பார்த்தார். மிச்சமிருந்த அறைகளில் பசை ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் இல்லாமலும் இருந்தது. பௌலின் கையால் பசையை ஓரம்வரை பூச முடியவில்லை. அவர் யாரையும் கேட்கவும் விரும்பவில்லை. வெளிப்பட்ட ஓரத்தால் நெருப்பு உள்ளே போயிருக்கிறது.

"சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரப்புவதை யாரும் பார்க்கவில்லை," என்றார் இங்கெர். அதில் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

குழு கூடியது. இனி அறைகளை வேறொருவர் மூட வேண்டும், ஒவ்வொன்றையும் ஊல்லா பார்த்த பிறகுதான் கேப் சொருகலாம் என்று முடிவானது. பௌல் தலையாட்டினார். ஆனால் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எனக்காக இத்தனை பேர் வேலை செய்தால் அது என் பொழுதுபோக்கு இல்லை, உங்களுடைய பாரம்," என்றார்.

"நானும் சும்மா பொழுதுபோக்கத்தான் வருகிறேன்," என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது போல, வரச் சம்மதித்தார்.

அவர் கார் ஓட்டுவதையும் விட்டிருந்தார். அந்தப் பக்கம் சனிக்கிழமையில் பஸ் இல்லை. என் கார் அப்போது பழுதாகிக் கிடந்தது. மனோதான் தன் காரில் எங்களை ஏற்றிப் போனாள். ஏற்றிப் போவாள், ஆனால் காரை விட்டு இறங்க மாட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் தங்கையோடு கதைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் குளிர் தாங்காமல் கோப்பி குடிக்க உள்ளே வந்தாள். நான் மேசையில் குனிந்து, சிலிண்டரின் வாய்களில் பசை பூசிக்கொண்டிருந்தேன். பௌல் பக்கத்தில் இருந்தார். மனோ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கிட்ட வந்தாள்.

"இப்பிடியோ பூசிறது? ஓரமெல்லாம் விடுபட்டுக் கிடக்கு."

"காணும், இது காணும்."

"காணாது. நெருப்பு உள்ள போகாமத்தானே பூசிறியள்?"

கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, வேலைக்குப் போடும் நீலக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "துவக்கை நான் தொடமாட்டன். நீங்கள் பிடியுங்கோ," என்றாள். நான் பிடித்தேன். விரல் நுனியில் பசையை எடுத்து, முதல் அறையின் வாயைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு நடுவில் நிரப்பி, மேலே ஒரு தட்டு. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்கிற கை அது. அவசரமே இல்லை. ஆறாவது அறை முடிந்ததும் ஊல்லா வந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவு சுத்தமாக நான் கண்டதில்லை," என்றார். மனோவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றியபடி பௌலிடம் டெனிஷில், "மருந்து எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டாள். பௌல், "இங்கே நீ என் விருந்தாளி, கட்டளை போட முடியாது," என்றார். எடுத்திருந்தார்.

அந்தக் கோடை முழுக்க அப்படி நடந்தது. வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கும்போது மனோ காருக்குப் போய்விடுவாள். அந்தச் சத்தத்தோடு அவளால் இருக்க முடியவில்லை. நானும் இருக்கச் சொல்லவில்லை. பசை பூச மட்டும் ஒருமுறையும் தவறியதில்லை.

இலையுதிர் காலத்தில் பௌலின் உடம்பில் மருந்து பிடிக்கும் நேரம் குறைந்துகொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை பௌல் இரண்டு வெடி வைத்தார். மூன்றாவதுக்குக் குதிரையை இழுக்கப் போன கையை நிறுத்தினார். தோளிலிருந்து சோங்கை எடுத்து, துவக்கை இலக்கை நோக்கியபடியே மேசையில் வைத்தார்.

"நாதன், மிச்சத்தை நீ சுடு."

கடையில் சோதனைக்காக எத்தனையோ வெடி வைத்திருக்கிறேன், எல்லாம் மண்ணுக்குள். ஒரு இலக்கைப் பார்த்து, ஆசைக்காகச் சுட்டதேயில்லை. மறுக்கப் பார்த்தேன். ஊல்லா, "இரு," என்றார். இருந்தேன். இடது கை குமிழைப் பிடித்தது. குதிரையை இழுத்தபோது கன்னத்துக்குக் கிட்டச் சிலிண்டர் ஒரு தடவை சுழன்று நின்றது. அந்தச் சின்னச் சத்தம் எலும்புக்குள்ளால் கேட்டது. சுட்டேன். புகை. வெள்ளைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு, ஒரு பிள்ளையைப் போல நான் அங்கே காத்திருந்தேன். இவ்வளவு காலமும் வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லி எனக்கு விளங்காதது அப்போது விளங்கியது. நாலு வெடியையும் வைத்து முடித்தேன்.

பௌல் தூரநோக்கியால் பார்த்தார். "நாலும் தாளில் இருக்கிறது," என்றார். "கறுப்பு வட்டத்தில் ஒன்றும் இல்லை. தாளில் இருக்கிறது." சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு அமைதியாக, "எனக்கு இது போதும், நாதன். இன்றைக்கு மட்டும் இல்லை," என்றார்.

ஊல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பௌல் தலையை அசைத்தார். துவக்குகளை முதல் தடவை ஒப்படைத்தபோதும் அவர்தான் முடிவெடுத்தார். இந்தத் தடவையும் அவர்தான்.

கறுப்பு மருந்து சுட்ட துவக்கை அன்றைக்கே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கறள் பிடிக்கும். சுடுதண்ணீர், சவர்க்காரம், தூரிகை. ஆறு அறை, ஒரு குழல், சின்னச் சின்ன மூலைகள். வாங்குகிறவர்கள் யாரும் இந்த வேலையை நினைத்துப் பார்ப்பதில்லை என்று தோமஸிடமும் சொன்னேன். வெடிச் சத்தம் ஓய்ந்ததைக் கேட்டு மனோ உள்ளே வந்து, எங்களுக்குச் சுடுதண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் சிலிண்டரைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்தேன். வழக்கமாக நான்தான் கழுவுவேன். அன்று பௌல் தூரிகையைக் கேட்டு வாங்கினார்.

"விடு, நான் செய்கிறேன்," என்றேன்.

"பிடி," என்றார்.

தூரிகையை முதல் அறைக்குள் விட்டார். கை நடுங்கியது. நடுக்கத்தில் தூரிகை உள்ளேயும் வெளியேயும், உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. நுரை கறுப்பாகப் பொங்கியது. பௌல் கையை ஒரு கணம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பார், நான் ஒன்றுமே செய்யவில்லை. தானாகக் கழுவுகிறது," என்றார்.

மனோதான் முதலில் சிரித்தாள். சிலிண்டரைத் திருப்பி அடுத்த அறையை அவருக்கு நேரே காட்டினேன்.